உள்ளே வைத்த அடுப்பு

மே 4, ஞாயிறு

பிரபா வந்திருந்தாள். எனக்கு ஒரே தங்கை. இதே கோயமுத்தூரில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு முறை விருந்தாளி போல வந்து போகிறாள். வழக்கம்போலத் தனியாகத்தான் வந்தாள். அவள் வீட்டுக்காரர் எட்வினுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் பேங்க். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வர அவருக்கு ஒரு நாள் அமையவில்லை. நான் கூப்பிடவில்லை என்று பிரபா சொல்வாள். கூப்பிட்டால்தான் வருவேன் என்பது என்ன பெருமை? எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. தூத்துக்குடிக்காரர், வேற்று மதம், அவளே பார்த்து முடிவு செய்த மாப்பிள்ளை என்பதெல்லாம் பழைய கதை.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் எட்வின் இமயமலையில் ஒரு கணவாயைத் தாண்டி நடக்கப் போகிறார். வழிகாட்டி, சுமைதூக்கி யாரும் இல்லாமல் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு நடப்பது அவருடைய பைத்தியம். கூட வருவதாக இருந்த நண்பர் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்த இடத்துக்கு நான் போக வேண்டுமாம்.

"வருசா வருசம் வெள்ளியங்கிரி ஏறுறீங்க. உங்களுக்கு என்னண்ணா கொறைச்சல்? ஒரு வாரம் ரெண்டு பேரும் ஒரே டெண்டுக்குள்ள கெடந்துட்டு வாங்க. அப்பவாச்சும் பேசித்தான ஆகோணும்?" என்றாள். உள்ளேயிருந்து என் மனைவி கோமதி சிரித்தாள். அவர்கள் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டதுதான்.

கிளம்பும்போது கேட்டருகில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "நீங்க போகலைன்னா அவரு தனியாவே கெளம்பிருவாருண்ணா. எனக்குப் பயமா இருக்குது. நீங்க கூட இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"அவரை முழுசாக் கொண்டாந்து உங்கையில குடுக்கறது என்ற பொறுப்பு அம்மிணி. போதுமா?" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மே 6, செவ்வாய்

எட்வின் போன் செய்தார். எனக்கு அவர் செய்த முதல் போன் இதுவாகத்தான் இருக்கும். டெண்ட், தூங்கும் பை எல்லாம் அவரிடம் இருக்கிறது. இல்லாதது அடுப்பு. அது அந்தக் கால் முறிந்த நண்பருடையது.

"அவன்கிட்ட நல்ல அடுப்பு இருக்கு மச்சான். கேட்டா தந்திருவான்" என்றார்.

இரவல் அடுப்பில் சமைத்துத் தின்ன நமக்கு என்ன தலையெழுத்து? அடுப்பு என் செலவு, நானே பார்த்து வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை டெண்ட் கொண்டுவரும்போது மச்சான் அடுப்பாவது கொண்டுபோக வேண்டாமா?

மே 8, வியாழன்

கடையில் ஆள் வரத்து இல்லை. கணபதி ஏரியாவில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருப்பவனுக்கு மே மாதம் இப்படிக் கிடப்பது அதிசயம். போனில் அடுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையடக்க கேஸ் அடுப்பு மலிவு. ஆனால் கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள். மலையடிவாரத்து மணாலியில் கிடைக்கும் என்கிறார்கள்; கிடைக்காமல் போனால் பச்சை அரிசியையா மெல்வது? தவிர, கடும் குளிரில் சாதாரண கேஸ் மந்தமாகிவிடுமாம். ஸ்பிரிட் அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் கொதிப்பதற்குள் விடிந்துவிடும். மிச்சம் இருப்பது மல்டி ஃப்யூல் அடுப்பு. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதை ஊற்றினாலும் எரியும். ரேஷனில் மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்த்தே பல காலமாகிவிட்டது, ஆனால் பெட்ரோல் இல்லாத ஊர் உண்டா? ஒரு அலுமினியக் குடுவை, அதில் காற்றடிக்க ஒரு சின்னப் பம்ப், ஒரு குழாய், ஒரு பர்னர். அவ்வளவுதான். பம்ப் என்றால் நமக்குத் தெரியாதா?

வெளிநாட்டுச் சரக்கு விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் காசுக்கு ஒரு ஹெச்.பி. மோட்டாரே வாங்கிவிடலாம். அதே அச்சில் வார்த்த நகல் ஒன்று நாலில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது. எட்வினுக்கு அனுப்பினேன்.

"பம்ப் லீக் ஆகுதுன்னு நெறைய பேர் எழுதியிருக்காங்களே மச்சான்" என்று பதில் போட்டிருந்தார்.

லீக் ஆகாத பம்ப் உலகத்தில் உண்டா? வாசர் மாற்றத் தெரியாதவர்கள் எழுதியிருப்பார்கள். ஆர்டர் போட்டுவிட்டேன்.

மே 13, செவ்வாய்

அடுப்பு வந்துவிட்டது. பர்னர் நல்ல கனம், பித்தளை. எண்ணெய் பீய்ச்சும் ஜெட் மூன்று கொடுத்திருக்கிறார்கள், எரிபொருளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். பம்பைப் பிரித்துப் பார்த்தேன். நினைத்தது சரி. உள்ளே இருந்த வாசர் அப்பளம் மாதிரி இருக்கிறது. இதை நம்பியா மலையேறுவது? கழற்றித் தூர எறிந்துவிட்டு, கடையில் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கு விற்கிற தடித்த ரப்பர் வாசரை அளவாக வெட்டிப் போட்டேன். கச்சிதம்.

எட்வினுக்கு வீடியோவில் காட்டினேன். முகத்தைச் சுருக்கினார். "கம்பெனி வாசரே இருக்கட்டுமே மச்சான். இது தண்ணிக்கு உள்ளதுல்லா? பெட்ரோல்ல கிடந்தா எப்படி இருக்குமோ."

இருபது வருடமாக வாசர் விற்கிறவனிடம் பேங்கில் கையெழுத்துப் போடுகிறவர் சொல்கிறார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

மே 14, புதன்

கடைக்குப் பின்னால் பற்றவைத்துப் பார்த்தேன். நீலத் தீ, ஜெட் விமானம் போலச் சத்தம். டீ போட்டு எதிர்க்கடைக்காரருக்கும் கொடுத்தேன். அற்புதம்.

மே 30, வெள்ளி

பெட்ரோல் வாடை அடித்தால் விமானத்தில் அடுப்பை ஏற்றமாட்டார்கள் என்று எட்வின் சொன்னார். கோமதி பாத்திரம் விளக்கும் சோப்பால் மூன்று முறை கழுவி வெயிலில் காயவைத்தாள். "சீர்வரிசைப் பாத்திரத்தைக்கூட நான் இப்படி வெளக்கினதில்ல" என்றாள்.

நாளைக்குக் கிளம்புகிறோம். பிரபா மாலையில் எட்வினின் பையோடு வந்து, அவர் சட்டைகளுக்கு நடுவே ஒரு டப்பா இஞ்சிமரப்பாவும் எனக்கு ஒரு கம்பளிக் குல்லாவும் வைத்தாள். என்னைப் பார்த்து வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிட்டாளே.

ஜூன் 3, செவ்வாய்

மலையில் முதல் முகாம். ஆற்றோரம் புல்வெளி. பஸ், ஜீப், அப்புறம் நாள் முழுக்க நடை. எட்வின் ஆடு போல ஏறுகிறார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் என் பையிலிருந்து அரிசி மூட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

அடுப்பை வெட்டவெளியில் ஒரு பாறை மறைவில் வைத்தோம். மணாலியில் வாங்கிய பெட்ரோல். ஜோராக எரிந்தது. எட்வின் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்தார். அது முடியும்வரை நானும் சாப்பிடாமல் காத்திருந்தேன். பசிதான் என்றாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

ஜூன் 5, வியாழன்

பம்ப் இறுகுகிறது. உள்ளே போகிற தண்டு வெளியே வர அடம் பிடிக்கிறது. காற்று ஏறுவதில்லை. தீ நீலமாக இல்லை, மஞ்சளாக நாக்கை நீட்டுகிறது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. வடக்கத்திப் பெட்ரோல், என்ன கலந்தார்களோ.

"வாசர் ஊதிப் போயிருக்கும் மச்சான்" என்றார் எட்வின்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குளிருக்கு இறுகியிருக்குது" என்றேன்.

அவர் தண்ணீர் எடுக்கப் போனபோது பம்பைப் பிரித்தேன். வாசர் லேசாகப் பருத்திருந்தது. திரும்பவும் உள்ளே போக மறுத்தது. ஓரத்தைப் பிளேடால் சீவி எண்ணெய் தடவி ஒருவாறு திணித்துவிட்டேன். இப்போது வேலை செய்கிறது. முன்போல இல்லை, ஆனால் செய்கிறது.

ஜூன் 6, வெள்ளி

கணவாய்க்குக் கீழே கடைசி முகாம். மரம் இல்லை, புல் இல்லை, கல்லும் பழைய பனியும்தான். மதியத்திலிருந்து புதுப் பனி விழுகிறது. ஓடை உறைந்து கிடக்கிறது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்கித்தான் ஆகவேண்டும். அதற்கு அடுப்பு எரிந்தாக வேண்டும்.

வெளியே காற்றில் அடுப்பு எரியவில்லை. நாலு முறை பற்றவைத்து நாலு முறையும் அணைந்தது. குடுவை சில்லிட்டுப் போனால் பம்ப் சுத்தமாக வேலை செய்வதில்லை. கடைசியில் கூடாரத்தின் முன்னறைக்குள், செருப்பு விடுகிற இடத்தில் வைத்தேன். வெளிக்கதவை இழுத்து மூடியதும் பிடித்துக்கொண்டது. மஞ்சள் தீதான். பரவாயில்லை, தீ தீதானே.

"உள்ள வேண்டாம் மச்சான். வெளிய குழி வெட்டி, சுத்தி கல்லு அடுக்கி வச்சிருவோம். நான் வெட்டுதேன்" என்றார் எட்வின்.

"இந்தக் காத்துல குழி வெட்டி, அதுக்குள்ள நீங்க உறைஞ்சு போனா என்ற தங்கச்சிக்கு நான் பதில் சொல்லோணும். படுங்க."

அவர் வெளிக்கதவின் ஜிப்பைப் பாதி திறந்து வைத்தார். பனி உள்ளே வந்தது. அவர் கண்ணயர்ந்ததும் மூடினேன்.

இருவருக்கும் தலைவலி. உயரம் அப்படி. புத்தகங்களில் எல்லாம் போட்டிருக்கிறது.

ஜூன் 7, சனி

பனி நிற்கவில்லை. வந்த வழி தெரியவில்லை. எட்வின் காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். கீழே இறங்கிவிடுவோம் என்றார். எதைப் பார்த்து இறங்குவது? கண்ணுக்கு முன்னால் கை தெரியவில்லை. நாளைக்கு விடும் என்றேன்.

அவரை அசையவிடாமல் படுக்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் நானே பார்க்கிறேன். பனி அள்ளி வருவது, உருக்குவது, இஞ்சி தட்டிப் போட்டுக் காபி வைப்பது. ஒரு பாத்திரம் நிறையப் பனி உருகினால் அடியில் நாலு மடக்குத் தண்ணீர். அதனால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு விதத்தில் நல்லதுதான், உள்ளே கதகதப்பாக இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். பனி அள்ள வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் எனக்குத் தலைவலி விட்டுப்போகிறது. உள்ளே வந்து உட்கார்ந்தால் திரும்பவும் வருகிறது. சும்மா இருக்கிற உடம்புக்குத்தான் நோவு. எட்வினிடமும் சொன்னேன், எழுந்து நடமாடினால் சரியாகிவிடும் என்று. அவர் எழுந்தார், கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

மதியம் பெட்ரோலை மிச்சப்படுத்த அடுப்பைக் கொஞ்ச நேரம் அணைத்தேன். கூடாரத்தின் மேல் ஏறியிருந்த பனியைத் தள்ளுவதற்காகக் கதவுகளைத் திறந்து போட்டிருந்தேன். அதற்குள் எட்வின் தெளிந்துவிட்டார். நான் போட்ட இஞ்சிக் காபி வேலை செய்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா மச்சான்? எங்க கல்யாணத்துக்கு ஏன் வரல?"

"கடையில ஸ்டாக் எடுத்துட்டு இருந்தேனுங்க."

"ஸ்டாக் எடுக்கதுக்கு வருசத்துல வேற நாளே கிடைக்கலியா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஐந்து வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. இவ்வளவு நல்ல மனிதரா இவர் என்று தோன்றியது. இதை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு சொன்னார்: "அந்த அடுப்ப மட்டும் வெளிய வச்சிருங்க மச்சான். அந்தக் காந்தல் எனக்குத் தலைக்குள்ள ஏறுது."

பெட்ரோல் வாடை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். அவருக்குக் குளிரில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் இருக்கிற ஒரு சூட்டையும் வெளியே தூக்கி வைக்க எனக்கு மனம் வருமா? கதவை மூடித் திரும்பவும் பற்றவைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பனி. அடுப்பை அணைக்கவே இல்லை. அவருக்காகத்தான். அதிகம் பேசுவதில்லை, தூங்குகிறார். முகம் நன்றாகச் சிவந்திருக்கிறது. சூடு ஏறியிருக்கிறது. நல்லது.

பிரபா பெயரைச் சொன்னார். என்னவென்று கேட்டேன். அடுப்பு என்றார். அடுப்பு எரிகிறது மாப்ள என்றேன். வாய் தவறி மாப்ள என்று கூப்பிட்டுவிட்டேன். கேட்டாரோ இல்லையோ.

பென்சில் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. எதையோ எழுத நினைத்தேன். பனி அள்ளப் போக வேண்டும். போக வேண்டும். கொஞ்சம் படுத்துவிட்டு.

ஜூன் 8, அதே நாள்

கூடாரத்தைக் கிழித்துவிட்டார்!

காய் நறுக்கும் கத்தியை எடுத்துத் தலைமாட்டுப் பக்கம் மேலிருந்து கீழாக ஒரே கிழி. சத்தம் கேட்டு விழித்தேன். பனிக்காற்று முகத்தில் அடிக்கிறது. அடுப்பைக் காலால் உதைத்தார், அது கதவுத் துணிக்கு அடியால் வெளியே உருண்டு பனியில் விழுந்து அணைந்தது. புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மேலே விழுந்து கத்தியைப் பிடுங்கினேன். கையை ஓங்கியும்விட்டேன். "அறிவு இருக்குதாய்யா உனக்கு? ரெண்டு பேரும் விறைச்சுச் சாகறதா?" என்று கத்தினேன். அவர் அப்படியே சரிந்துவிட்டார்.

கிழிசலைத் தைக்கலாம் என்று ஊசியைத் தேடினேன். அடுப்பை நிமிர்த்தலாம் என்று வெளியே போனேன்.

வெளியே நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக என் தலை தெளிந்தது. இரண்டு நாளாக மூடியிருந்த ஏதோ ஒன்று விலகுகிற மாதிரி இருந்தது. கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் பனி ஏறிக் காற்றுப் போகிற ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கிறது. வெளியே வந்தால் எனக்குச் சரியாகிறது. உள்ளேயே கிடந்தவர் அவர். நேற்று அடுப்பை அணைத்தபோது எழுந்து பேசினார். காபியால் அல்ல.

குளியலறையில் கேஸ் கீசர் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்துச் செத்துக் கிடந்தவர் கதை நம் ஊரில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

அவரைக் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்தேன். தூங்கும் பையோடு பாறை மறைவில் கிடத்தி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மூச்சு இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. முருகா, என் தங்கைக்கு நான் என்ன சொல்வேன்?

ஜூன் 9, திங்கள்

பிழைத்தார். முதலில் இமை அசைந்தது, அப்புறம் இருமினார், அப்புறம் தண்ணீர் கேட்டார். வாயில் பனியைத்தான் வைத்தேன்.

காலையில் வானம் விட்டது. எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, தோளில் சாய்த்து இறக்கினேன். குடிகாரனைப் போல ஒவ்வொரு அடிக்கும் தள்ளாடினார். இரண்டு முறை இருவரும் சேர்ந்து சறுக்கினோம். கீழ்ப் புல்வெளியில் ஆட்டுக்காரர்கள் இருந்தார்கள். பாஷை வேண்டியிருக்கவில்லை. பார்த்தவுடன் கோவேறு கழுதையின் சுமையை இறக்கிவிட்டு அவரை ஏற்றிக் கட்டினார்கள்.

வழியெல்லாம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "நம்ம எங்க போறோம் மச்சான்?" சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் கேட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

சிறிய ஆஸ்பத்திரி. டாக்டர் பெண்மணி. மூக்கில் ஆக்சிஜன் வைத்த பிறகு என் பக்கம் திரும்பி, அடுப்பு எங்கே எரிந்தது, கூடாரத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் அந்த இரண்டு சொல்லும் இருந்தன. உள்ளே என்றேன். தீ என்ன நிறம் என்றார். மஞ்சள் என்றேன். அவர் திட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதினார். திட்டியிருக்கலாம்.

உயரத்தினால் வந்தது இல்லையாம். சரியாகக் காற்று கிடைக்காத தீயிலிருந்து வருகிற விஷவாயு. வாடை இல்லை, கண்ணுக்கும் தெரியாது. நாங்கள் நுகர்ந்த வாடை பெட்ரோலுடையது. மூளையைத் தொட்டிருக்கிறதா என்று கொஞ்ச நாள் போனால்தான் தெரியுமாம்.

வீட்டுக்குச் சொல்லலாம் என்று பிரபாவின் நம்பரை அவரிடம் கேட்டேன். என் போன் பனியில் செத்துவிட்டது. யோசித்தார். கண்ணை மூடி யோசித்தார். "வரமாட்டேங்குது மச்சான்" என்றார். அவருடைய மனைவியின் நம்பர். நான் வராந்தாவுக்கு ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் நம்பர் நினைவுக்கு வந்துவிட்டது. முழுதாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸின் காலில்கூட விழத் தயாராக இருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

எட்வின் நன்றாகச் சாப்பிடுகிறார். பேச்சு தெளிவு. ஆனால் நெடுநேரம் எதையோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இன்றைக்குத்தான் லைன் கிடைத்து, நர்ஸின் போனிலிருந்து பிரபாவிடம் பேசினார். பக்கத்திலேயே இருந்தேன். "ஒண்ணும் பயப்படாத. மலை ஒத்துக்கல, அவ்வளவுதான். மச்சான்தான் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. அவங்க இல்லன்னா நான் இல்ல."

அவள் அழுவது எனக்கே கேட்டது. போனை என்னிடம் நீட்டினார். "அண்ணா, நீங்க எனக்கு அண்ணன் இல்ல, சாமி" என்றாள். நான் ம், ம் என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "அவ தாங்க மாட்டா மச்சான். இருக்கது ஒரே அண்ணன்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவரைத்தான் நான் இத்தனை வருடம் வாசலோடு நிறுத்தி வைத்திருந்தேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். இருந்தது. அவர் வாயிலிருந்து வந்தால் எந்த நல்ல வார்த்தையும் என் காதில் ஏறவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். அவரே சொல்லிவிட்டாரே. ஊரில் எல்லோரும் என்னைக் கொண்டாடுவார்கள். எட்வின் ஒருநாளும் காட்டிக்கொடுக்க மாட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

கோயமுத்தூர் வந்து சேர்ந்தோம்.

ஏர்போர்ட் வாசலில் பிரபா நின்றிருந்தாள். எட்வினைப் பார்த்ததும் ஓடிவந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். நெற்றி, கண், கன்னம், ஒவ்வொன்றாக. பிறகு என் பக்கம் வந்தாள். அத்தனை பேர் போய்வருகிற இடத்தில் குனிந்து என் காலைத் தொட்டாள்.

நான் பின்னால் நகர்ந்தேன்.

"எந்திரி அம்மிணி. மலையெல்லாம் ஒண்ணும் பண்ணல. அடுப்புப் புகை. நான்தான் டெண்டுக்குள்ள வெச்சு எரிச்சேன். கதவையும் மூடி வெச்சிருந்தேன். அவரு டெண்டைக் கிழிக்கலைன்னா ரெண்டு பேரும் இல்ல. காப்பாத்துனது அவரு, நானில்ல."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்ல எழுந்தாள்.

"உள்ள வெக்க வேண்டாம்னு அவரு சொல்லலீங்களா?"

"சொன்னாரு."

"பிரபா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், வா" என்றார் எட்வின். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எத்தன தடவை சொன்னாருண்ணா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒவ்வொரு நாளும்" என்றேன்.

அவள் அழவில்லை. என் கையிலிருந்த எட்வினின் மருந்துப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு காரை நோக்கிப் போனாள். பின்கதவைத் திறந்து பையைப் போட்டாள். அவரை முன்பக்கம் உட்கார வைத்து, பெல்ட்டை அவளே போட்டுவிட்டாள்.

எட்வின் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "வாங்க மச்சான். ஏறுங்க. நம்ம வீட்டுக்குப் போவோம்."

முதல் முறையாக அவர் சொன்னதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. ஓரடி எடுத்தும் வைத்தேன். பிரபா சுற்றி வந்து பின்கதவைச் சாத்தினாள்.